நான்கெல்லை கேட்ட வக்கீல்

(ஒரு மாவட்ட வழக்கறிஞர் சங்க நூலகத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லிங்கனைப் பற்றிப் பேசட்டுமா என்று செயலாளரிடம் கேட்டபோது அவர் முகம் லேசாக வாடியது. "எட்டாம் வகுப்புப் பேச்சுப்போட்டியிலேயே எல்லாரும் பேசி முடித்துவிட்ட ஆள் ஆச்சே சார்" என்றார். நியாயமான ஆட்சேபணை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாடி வைத்த லிங்கன் இன்று இந்த அரங்குக்கு வரமாட்டார். கெட்டிஸ்பர்க் கிடையாது, நாடகக் கொட்டகைத் துப்பாக்கிச் சூடும் கிடையாது. 1847 டிசம்பரிலிருந்து 1849 மார்ச் வரை, ஒரே ஒரு தவணை, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மொபசல் வக்கீலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வரலாற்றாசிரியர்கள் பலர் இரண்டு பக்கத்தில் தாண்டிப்போகிற காலம் அது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த இரண்டு பக்கம்தான் சுவாரஸ்யம்.

ஆளை முதலில் தொழிலில் பார்ப்போம். லிங்கன் எந்தச் சட்டக் கல்லூரிக்கும் போனதில்லை. இரவல் புத்தகத்தை வைத்துப் படித்தார், 1836இல் உரிமம் வாங்கினார், அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிவந்தார். இல்லினாய் மாநிலத்தின் தலைநகராகப்போகிற ஊர் என்றாலும் அன்றைக்கு அது சேறும் பன்றியும் உள்ள சிற்றூர். அதற்கு முன்பே அவர் பார்த்த ஒரு வேலையைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அவர் சர்வேயராக இருந்தவர். சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர்.

தொழில் எப்படி? வருஷத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், ஜட்ஜும் வக்கீல்களும் ஒரு கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு கவுண்டித் தலைநகரிலும் சில நாட்கள் கோர்ட் நடக்கும். சத்திரத்தில் ஒரே கட்டிலில் இரண்டு வக்கீல்கள் படுப்பார்கள். காலையில் எதிரெதிர்க் கட்சிக்காக வாதாடியவர்கள் அவர்கள். அவர் கையாண்டதாக இன்று ஆவணங்களில் தொகுத்திருக்கிற வழக்குகள் ஐயாயிரத்துக்கு மேல். பெரும்பாலும் கடன் பாக்கி, புரோநோட்டு, மாடு, வேலி, எல்லை. கொலை வழக்கெல்லாம் அபூர்வம். ஆபீஸ் எப்படி இருந்தது என்பதை அவருடைய கூட்டாளி வில்லியம் ஹெர்ண்டன் எழுதி வைத்திருக்கிறார். முக்கியமான காகிதங்களை லிங்கன் தம்முடைய உயரத் தொப்பிக்குள் வைத்திருப்பார். மேஜையில் ஒரு கட்டு இருக்கும், அதன்மேல் அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: வேறு எங்கேயும் கிடைக்காவிட்டால் இதில் தேடு என்று. நம் ஊர் ஆபீஸ்களில் அந்தக் கட்டு இல்லாத ஆபீஸ் எது? நாம் வெளியே எழுதி ஒட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எம்.பி. ஆனது ஒருவிதமான முறை வைப்பில். அந்தப் பகுதியில் லிங்கன் சார்ந்த விக் கட்சிக்குத் தலைவர்கள் மூன்று பேர், ஜான் ஹார்டின், எட்வர்டு பேக்கர், லிங்கன். தொகுதி ஒன்று. ஆளுக்கு ஒரு தவணை என்று ஏற்பாடு. கோயில் திருவிழாவில் மண்டகப்படி மாதிரி. லிங்கனின் முறை 1846இல் வந்தது. எதிர்த்து நின்றவர் பீட்டர் கார்ட்ரைட் என்ற பாதிரியார், குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். லிங்கனுக்கு 6,340 வாக்குகள், பாதிரியாருக்கு 4,829. இல்லினாயின் ஏழு தொகுதிகளில் விக் கட்சி ஜெயித்தது இது ஒன்றுதான். ஆகஸ்டில் ஜெயித்தவர் சபையில் உட்கார அடுத்த வருஷம் டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். அன்றைய முறை அப்படி. அதுவரை பழையபடி கோர்ட்டுதான்.

அந்த இடைக்காலத்தில் ஒரு வழக்கு. லிங்கன் விழாக்களில் இதைச் சொல்லமாட்டார்கள். இது வக்கீல்கள் கூட்டம், சொல்லலாம்.

ராபர்ட் மாட்சன் என்று கென்டக்கியைச் சேர்ந்த அடிமை முதலாளி. இல்லினாயில் அவருக்கு ஒரு பண்ணை உண்டு. வருஷா வருஷம் கென்டக்கியிலிருந்து அடிமைகளைக் கூட்டிவந்து வேலை வாங்கிவிட்டுத் திரும்ப அனுப்பிவிடுவார். இல்லினாய் அடிமை முறை இல்லாத மாநிலம் அல்லவா, அங்கேயே தங்கிவிட்டால் விடுதலை கேட்டுவிடுவார்களே, அதற்காக இந்தச் சுற்று. 1847இல் ஜேன் பிரையன்ட் என்ற பெண், தன்னையும் குழந்தைகளையும் தெற்கே விற்றுவிடப் போகிறார்கள் என்று பயந்து, பண்ணையை விட்டு ஓடி இரண்டு பேரிடம் அடைக்கலம் புகுந்தாள். அந்த அக்டோபரில் கோல்ஸ் கவுண்டியின் சார்ல்ஸ்டன் நகரக் கோர்ட்டில் வழக்கு வந்தது. ஜேன் தரப்பில் ஆஜரானவர்களில் ஒருவர் ஆர்லண்டோ ஃபிக்லின், அரசியலில் லிங்கனுக்கு எதிர்க் கட்சிக்காரர், ஏற்கெனவே எம்.பி. முதலாளி மாட்சன் தரப்பில் ஆஜரானவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன்.

ஆமாம், காதில் சரியாகத்தான் விழுந்தது.

லிங்கனின் வாதம், இவர்கள் இங்கே நிரந்தரமாகக் குடியிருக்க வந்தவர்கள் அல்ல, பருவ வேலைக்கு வந்துபோகிறவர்கள், ஆகவே இல்லினாய் சட்டம் இவர்களைத் தொடாது என்பது. கோர்ட் ஏற்கவில்லை. ஜேனும் குழந்தைகளும் விடுதலை. ஒன்பது நாள் கழித்து லிங்கன் மனைவி மக்களோடு வாஷிங்டனுக்கு வண்டி ஏறினார்.

வந்த கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரு தொழில் தர்மம் பேசுவோம். எனக்கு அந்தச் சமாதானம் இந்த வழக்கில் செரிக்கவில்லை. எந்தத் தரப்பிலும் நின்று வாதாடத் தெரிந்த கைதான் அது. இனி நான் அந்தக் கையைப் புகழப்போகிறேன். புகழ்கிறபோதும் ஜேன் பிரையன்டை நீங்கள் மறக்க வேண்டாம்.

வாஷிங்டனில் திருமதி ஸ்ப்ரிக் என்பவரின் சாப்பாட்டு விடுதியில் அறை. சபையில் பின்வரிசை இருக்கை. தபால் கமிட்டியில் போட்டார்கள். முதல் பேச்சே ஒரு தபால் ஒப்பந்தத்தைப் பற்றி. அதை முடித்துவிட்டு ஹெர்ண்டனுக்கு எழுதினார், கோர்ட்டில் பேசும்போது எவ்வளவு உதறுமோ அவ்வளவுதான் இங்கேயும் உதறியது, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

1846 மே மாதம் ஜனாதிபதி ஜேம்ஸ் போல்க் காங்கிரசுக்கு ஒரு செய்தி அனுப்பினார். மெக்சிகோ நம் எல்லைக்குள் புகுந்து, அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தத்தைச் சிந்திவிட்டது என்றார். பிரதிநிதிகள் சபையில் யுத்தத்துக்கு 174 பேர் கைதூக்கினார்கள். எதிர்த்தவர்கள் 14 பேர். ரத்தம் என்ற சொல்லைக் கேட்ட பிறகு யார் பத்திரத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள்? லிங்கன் வந்து உட்கார்ந்தபோது சண்டையே ஏறக்குறைய முடிந்துவிட்டது. அமெரிக்கப் படை மெக்சிகோ நகரத்துக்குள் இருந்தது.

தகராறு என்ன? டெக்சாஸ் 1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்தது, 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. அதன் தெற்கு எல்லை எது? நியூசெஸ் ஆறு என்றது மெக்சிகோ. இல்லை, இன்னும் தெற்கே உள்ள ரியோ கிராண்டே என்றது டெக்சாஸ். இரண்டு ஆற்றுக்கும் நடுவே அகன்ற தரிசு. போல்க் தளபதி டெய்லரை அந்த நடுநிலத்தைத் தாண்டி ரியோ கிராண்டே கரைக்கே அனுப்பினார். அங்கேதான் முதல் துப்பாக்கி வெடித்தது.

இதை மேடைப் பேச்சாளர் ஒருவரிடம் கொடுத்தால் நீதி, மனிதாபிமானம், பேராசை என்று போவார். விக் கட்சியில் அப்படிப் பேசியவர்கள் உண்டு, நன்றாகவே பேசினார்கள். சர்வேயராக இருந்த மொபசல் வக்கீல் என்ன செய்தார்? ரத்தம் சிந்திய அந்த இடம் எது, காட்டுங்கள் என்றார். 1847 டிசம்பர் 22, சபைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, எட்டுக் கேள்விகள் அடங்கிய தீர்மானத்தைக் கொடுத்தார்.

அந்தக் கேள்விகளை நான் முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டேன். நான் ஜூனியராக இருந்தபோது ஒரு வரப்புத் தகராறுப் பிராதில் கிழக்கையும் மேற்கையும் மாற்றி டைப் அடிக்கக் கொடுத்துவிட்டேன். முனிசீப் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "வக்கீல் சார், உங்க கட்சிக்காரர் நிலம் எங்கே இருக்குன்னு அவருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். கோர்ட் ஹாலே சிரித்தது. அன்றிலிருந்து எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய் நான்கெல்லை பார்ப்பேன். இன்னார் புஞ்சைக்கு மேற்கு, ஓடைக்குத் தெற்கு.

லிங்கனின் தீர்மானத்தில் நாலாவது கேள்வி அதேதான். அந்தக் குடியிருப்புக்குத் தெற்கும் மேற்கும் வளைகுடாவும் ரியோ கிராண்டேயும், வடக்கும் கிழக்கும் ஆளில்லாத அகன்ற வெளி, சரிதானா என்று கேட்கிறார். யுத்தம் நடந்த ஒரு தேசத்தின் சபையில் நான்கெல்லை வாசிக்கிறார் மனிதர்!

முதல் இரண்டு கேள்விகள் மூலப் பத்திரம். 1819 ஒப்பந்தத்திலிருந்து அந்த இடம் ஸ்பெயினுடையதா, பிறகு ஸ்பெயினிடமிருந்து மெக்சிகோவுக்குப் போனதா என்கிறார். ஐந்தாவது கேள்விதான் உச்சம். அந்த ஊர் ஜனங்கள் டெக்சாசின் அல்லது அமெரிக்காவின் சட்டத்துக்கு எப்போதாவது கட்டுப்பட்டார்களா? அங்கே உத்தியோகம் ஏற்றார்களா, ஓட்டுப் போட்டார்களா, வரி கட்டினார்களா, ஜூரியில் உட்கார்ந்தார்களா, சம்மன் சார்வு ஆகியிருக்கிறதா? இதற்கு நம் பாஷையில் பெயர் சொல்ல வேண்டுமா? அனுபோக சுவாதீனம். பட்டா யார் பேரில், கிஸ்து ரசீது எங்கே, அடங்கல் என்ன சொல்கிறது. ஆறாவது, படை வருவதைப் பார்த்து அந்த ஜனங்கள் வீட்டையும் நின்ற பயிரையும் விட்டு ஓடினார்களா இல்லையா, முதல் ரத்தம் விழுந்தது அப்படி ஓடிய ஒருவருடைய வேலிக்குள்ளா இல்லையா என்கிறது. ஏழும் எட்டும் பிராதின் கடைசிப் பத்திகளைப் போல. செத்தவர்கள் ஆயுதம் தாங்கிய சிப்பாய்கள்தானே, தற்காப்புக்கு இது தேவையில்லை என்று டெய்லரே ஒரு தடவைக்கு மேல் தெரிவித்த பிறகு அனுப்பப்பட்டவர்கள்தானே?

தீர்மானம் வாசிக்கப்பட்டது. அதோடு சரி. விவாதத்துக்கே எடுக்கவில்லை. நம் பாஷையில், நம்பர் ஆகவில்லை.

ஜனவரி 3ஆம் தேதி, ஆஷ்மன் என்ற மாசசூசெட்ஸ் உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. இந்த யுத்தம் ஜனாதிபதியால் தேவையில்லாமலும் அரசியல் சட்டத்துக்கு விரோதமாகவும் தொடங்கப்பட்டது என்று சொல்கிற திருத்தம். 85க்கு 81 என்று நிறைவேறியது. லிங்கன் அந்த 85இல் ஒருவர். இந்த ஓட்டை நினைவில் வையுங்கள்.

ஜனவரி 12இல் எழுந்து பேசினார். போல்க் காட்டிய ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் போட்ட பேச்சு அது. ரியோ கிராண்டேதான் எல்லை என்று டெக்சாஸ் தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறதே என்பது ஒரு ஆதாரம். லிங்கனின் பதில்: உன் நிலம் என்னுடையது என்று நான் வாயால் சொன்னால் அது என்னுடையதாகாது. உனக்குச் சம்பந்தமே இல்லாமல் நானே ஒரு பத்திரம் எழுதிக்கொண்டு வந்து காட்டினாலும் ஆகாது. தனக்குத் தானே கிரயம் எழுதிக்கொண்டு வருகிற ஆசாமியை நாம் பார்த்ததில்லையா? மெக்சிகோவின் சான்டா அன்னா 1836இல் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்பது இன்னொரு ஆதாரம். கைதியாக இருந்தபோது போட்ட கையெழுத்து என்றார் லிங்கன். பிறகு ஜனாதிபதியின் வாதத்தையே எடைபோட்டார். கட்சிக்காரனின் கழுத்துக்கே ஆபத்தான வழக்கில், ஒப்புக்கொள்ளவும் முடியாத மறுக்கவும் முடியாத ஒரு விஷயத்தை நல்ல வக்கீல் வார்த்தைப் புகை போட்டு மறைப்பதை நான் பார்த்திருக்கிறேன், இது அப்படித்தான் இருக்கிறது என்றார். மூன்று மாதத்துக்கு முன்னால் சார்ல்ஸ்டன் கோர்ட்டில் நின்ற மனிதர் சொல்கிற வார்த்தை இது. அவருக்கு அது நினைவிருந்ததா என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை.

போல்க் பதில் சொல்லவேயில்லை. எதிருரை தாக்கல் செய்யாவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி என்பது நம் கோர்ட்டில்தான். அரசியலில் பதில் சொல்லாதவர்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறார். பிப்ரவரி 2இல் உடன்படிக்கை கையெழுத்தாகி, கலிபோர்னியா முதலான பெரும் நிலப்பரப்பு ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்கா வசம் வந்தது. இவ்வளவு நிலம் கைக்கு வந்தபின் அந்த ஒரு துண்டு இடம் யாருக்கு வேண்டும்?

ஊரில் கதை வேறு. இல்லினாய்க்காரர்கள் அந்தச் சண்டையில் நிறையப் பேர் போயிருந்தார்கள். லிங்கனுக்கு முன்னால் அதே தொகுதியில் இருந்த ஹார்டினே 1847 பிப்ரவரியில் பியூனா விஸ்டா போர்க்களத்தில் செத்திருந்தார். துக்கம் விசாரித்துக்கொண்டிருந்த ஊருக்கு, அவர்கள் செத்த இடம் யாருடையது என்று கேட்ட எம்.பி.யை எப்படிப் பிடிக்கும்? எதிர்க்கட்சிப் பத்திரிகை கேலிப் பெயர் வைத்தது. 'ஸ்பாட்' என்றால் இடம், கறையும்தான். 'ஸ்பாட்டி லிங்கன்' என்றார்கள், கறைபட்ட லிங்கன்.

ஹெர்ண்டனே கலங்கிப்போய் எழுதினார். லிங்கனைவிட ஒன்பது வயது சின்னவர், லிங்கன் அவரை பில்லி என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பில்லிக்குப் பிப்ரவரியில் எழுதிய பதில்கள் இரண்டு, என் கணக்கில் சபைப் பேச்சைவிட உயர்ந்தவை. ஒன்றில், நீ அங்கே இருந்திருந்தால் என்ன ஓட்டுப் போட்டிருப்பாய், பொய் சொல்லியிருப்பாயா என்கிறார். இன்னொன்றில், படையெடுப்பைத் தடுக்கத் தேவை என்று ஜனாதிபதி நினைத்தாலே அண்டை நாட்டுக்குள் நுழையலாம் என்று விட்டுவிட்டால் அவர் அதிகாரத்துக்கு எல்லை எங்கே என்று கேட்கிறார். தங்கள் ஜனங்களை யுத்தத்தில் தள்ளி ஓட்டாண்டி ஆக்கியவர்கள் அரசர்கள், அதனால்தான் யுத்தம் அறிவிக்கும் அதிகாரத்தைத் தனி ஒருவர் கையில் கொடுக்கவில்லை என்கிறார். அங்கேயும் எல்லைத் தகராறுதான். நிலத்தின் எல்லை போய் அதிகாரத்தின் எல்லை வந்திருக்கிறது.

அதே வருஷம் விக் கட்சி ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது அந்தச் சண்டையின் தளபதி டெய்லரையேதான். லிங்கன் அவருக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். வக்கீலுக்கு இதெல்லாம் கூச்சமில்லை போலிருக்கிறது.

மற்றதைச் சுருக்கமாக ஓட்டிவிடுகிறேன். பயணப்படி விவகாரம் ஒன்று உண்டு. ஹோரஸ் கிரீலி என்ற பத்திரிகையாசிரியர் கொஞ்ச நாள் சபை உறுப்பினராக இருந்தபோது, யார் யார் சுற்றுவழி காட்டிப் பயணப்படி வாங்கினார்கள் என்று பட்டியல் போட்டுவிட்டார். தபால் வழிப்படி 780 மைல், லிங்கன் காட்டியது 1,626 மைல். கூடுதலாக வாங்கியது 676 டாலர் 80 சென்ட். அன்றைய விதிப்படி சட்டவிரோதம் இல்லை. எல்லாரும்தான் வாங்கினார்கள் என்ற பதிலை நான் இங்கே சொல்லப்போவதில்லை, உங்களுக்கே மனப்பாடம். 1849 ஜனவரியில் வாஷிங்டன் நகரத்துக்குள் மட்டும் படிப்படியாக, நஷ்டஈடு கொடுத்து, வாக்காளர் சம்மதத்தோடு அடிமை முறையை ஒழிக்க ஒரு மசோதா கொண்டுவருவதாக அறிவித்தார். ஆதரவு கழன்றுபோனதும் கொண்டுவரவில்லை. யுத்த எதிர்ப்பால்தான் பதவி போயிற்று என்பார்கள், அது பாதி உண்மை. முறை வைப்பு முடிந்தது, அடுத்த முறை அவருடைய பழைய சீனியர் ஸ்டீபன் லோகனுக்கு. தோற்றவர் லோகன்தான். நில அலுவலகத் தலைமைப் பதவி கேட்டு லிங்கன் வாஷிங்டனுக்கே ஓடினார், அது வேறொருவருக்குப் போயிற்று. ஆரெகன் பிரதேச ஆளுநர் பதவி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். திரும்பவும் அதே மாடி ஆபீஸ், அதே ஹெர்ண்டன். எம்.பி.யாக இருந்தபோது விவசாயிகளுக்குக் கொடுக்க வாங்கி வந்த விதைப் பொட்டலங்கள் கிழிந்து தரையில் சிந்திக் கிடந்தனவாம். பிற்பாடு அங்கே சட்டம் படிக்க வந்த பையன் ஆபீசைக் கூட்டப் போனபோது, மூலையில் சேர்ந்திருந்த அழுக்கில் விதை முளைத்திருந்தது என்று ஹெர்ண்டன் எழுதுகிறார். அந்த எம்.பி. காலத்தில் உருப்படியாக முளைத்தது அதுதான் என்று அவருடைய எதிரிகள் சொல்லியிருக்கலாம்.

பத்து வருஷம் தாண்டுகிறேன். 1858. செனட் பதவிக்கு ஸ்டீபன் டக்ளசோடு ஊர் ஊராக மேடை விவாதம். முதல் விவாதத்திலேயே டக்ளஸ் பழைய கட்டைப் பிரித்தார், மெக்சிகோ யுத்தத்தில் இவர் எதிரி பக்கம் நின்றவர் என்று. சிப்பாய்களுக்கான படிச் செலவையே எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்று பத்திரிகையும் எழுதியது. அது பொய். யுத்தத்தைத் தொடங்கியது தவறு என்றாரே தவிர, போன சிப்பாய்க்குச் சோறும் சம்பளமும் கொடுக்கிற ஓட்டு ஒவ்வொன்றுக்கும் லிங்கன் ஆதரவாகவே கைதூக்கியிருந்தார்.

செப்டம்பர் 18, நாலாவது விவாதம். ஊர் சார்ல்ஸ்டன். ஜேன் பிரையன்ட் வழக்கு நடந்த அதே சார்ல்ஸ்டன். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் கொண்டுவருவது தம் நோக்கமே அல்ல என்று லிங்கன் பேசி, இன்றுவரை அவருடைய பக்தர்களைத் தலைகுனிய வைக்கிற கூட்டமும் இதுதான். மேடையில் டக்ளஸ் பக்கத்துப் பிரமுகர்களோடு உட்கார்ந்திருந்தவர் ஆர்லண்டோ ஃபிக்லின். ஜேனுக்காக ஆஜரான அதே ஃபிக்லின், லிங்கனோடு அதே சபையில் உட்கார்ந்திருந்தவர்.

லிங்கன் திரும்பினார். ஃபிக்லினின் கோட்டுக் காலரைப் பிடித்து மேடையின் முன்னால் இழுத்துக்கொண்டு வந்தார். இவர் என் எதிர்க்கட்சி, ஆனால் என்னோடு சபையில் இருந்தவர், இவரே சொல்லட்டும் என்றார். எதிர்த்தரப்பு ஆளையே கூண்டில் ஏற்றிவிட்டார். குறுக்கு விசாரணையில் பதில் தெரியாமல் கேள்வி கேட்காதே என்று சீனியர்கள் நமக்குச் சொல்லித் தருவார்களே, அதை அன்றைக்கு மறந்துவிட்டார்.

ஃபிக்லின் நல்ல சாட்சி. இருவரும் அப்போது சபையில் இருந்தோம், எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்று ஆரம்பித்தார். சிப்பாய்களின் படிச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யுத்தத்தை ஜனாதிபதி தேவையில்லாமலும் சட்டவிரோதமாகவும் தொடங்கினார் என்று ஆஷ்மன் கொண்டுவந்தாரே, அதற்கு ஆதரவாக லிங்கன் ஓட்டுப் போட்டார் என்றார்.

அது உண்மை என்றார் லிங்கன்.